பந்தைக் கொண்டுவருபவர்கள்: பல காலத்துக் கார்டுகள்



1970 ஏப்ரல் 29. லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் மூன்றாம் ஆட்டம். முடிய மூன்றே விநாடி இருக்கும்போது நியூயார்க் நிக்ஸ் 102-100 என்று முந்துகிறது. லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட் பந்தை வாங்குகிறார். நடுக்கோட்டைக்கூடத் தாண்டாமல், ஏறக்குறைய 60 அடி தொலைவிலிருந்து வீசுகிறார். பந்து கூடைக்குள் விழுகிறது, ஆட்டம் சமனாகிறது. கூடுதல் நேரத்தில் நிக்ஸ் 111-108 என்று வென்றது. தொடரையும் ஏழாவது ஆட்டத்தில் கைப்பற்றியது. அப்போது அமெரிக்காவில் ஏ.பி.ஏ. என்று இன்னொரு லீக்கும் நடந்துகொண்டிருந்தது. அங்கே அந்த ஷாட்டுக்கு மூன்று புள்ளி. லேக்கர்ஸ் ஒரு புள்ளியில் வென்றிருக்கும். என்.பி.ஏ. அந்தக் கோட்டைப் போட்டது 1979இல்தான்.

வெஸ்ட்டுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. எதிராளியின் பந்தைத் தட்டிப் பறிப்பதில் அவர் காலத்தில் அவருக்கு நிகராகச் சொல்லத்தக்கவர்கள் மிகச் சிலர். ஆனால் ஸ்டீல் என்ற கணக்கை லீக் எழுதத் தொடங்கியது 1973-74 பருவத்தில். அது அவருடைய கடைசிப் பருவம். முப்பத்தைந்து வயதில், காயத்தோடு ஆடிய அந்த 31 ஆட்டங்களில், ஆட்டத்துக்குச் சராசரி 2.6 ஸ்டீல். இருபத்தாறு வயதில் எத்தனை பறித்திருப்பார்? ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாததால் அவர் பறிக்கவில்லை என்று ஆகிவிடுமா? நாம் போடும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்கின்றன.

ஜோர்டன் எங்கே என்று கேட்பீர்கள். பந்தைக் கொண்டுவந்து, யார் எங்கே நிற்பது என்று ஆட்டத்தை விரித்துக் கொடுக்கும் கார்டுகளைப் பற்றித்தான் இன்று பேச்சு. ஜோர்டனைச் சேர்த்தால் இந்த மாலை முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார்.

இப்போது எல்லோரும் இழுக்கும் வழக்குக்கு வருவோம். 1961-62 பருவத்தில் சின்சினாட்டி ராயல்ஸின் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். மூன்றிலும் இரட்டை இலக்கம்: ஒரு பருவம் முழுக்க டிரிபிள் டபுள் சராசரி. 2016-17இல் ஓக்லஹோமா சிட்டியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 என்று அதே சாதனையைச் செய்தார். நடுவில் ஐம்பத்தைந்து ஆண்டுகள். எண்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

1961-62இல் ஆட்டம் பேய் வேகம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 107க்கு மேற்பட்ட ஷாட் எடுத்தது. அவற்றில் விழுந்தது 43 விழுக்காடு. விழாத பந்து ஏராளம் என்பதால் ரீபவுண்டும் ஏராளம்: அணிக்கு 71 அளவில். 2016-17இல் அது 43 சொச்சம். அந்த 71இல் ராபர்ட்சனின் 12.5 என்பது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 43இல் வெஸ்ட்புரூக்கின் 10.7 ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. போதாததற்கு ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 44 நிமிடத்துக்கு மேல் ஆடினார், வெஸ்ட்புரூக் 35க்கும் குறைவு. ரீபவுண்டில் ராபர்ட்சனின் எண் சுருங்குகிறது, சந்தேகமே இல்லை. (வெஸ்ட்புரூக்குக்காக அவர் அணியின் உயரமான ஆட்டக்காரர்கள் எதிராளியை மறித்து நின்று பந்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அசிஸ்ட்டில் கதை திரும்புகிறது. அத்தனை வேகமாக ஆடியும் 1961-62இல் அணிக்கு அசிஸ்ட் சுமார் 24தான், 2016-17இல் 22.6. விழுந்த கூடைகளில் அன்று பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றுக்குத்தான் அசிஸ்ட் எழுதினார்கள். இன்று அது ஐந்தில் மூன்றை ஒட்டி வந்துவிட்டது. பாஸ் வாங்கியவர் பந்தை ஒருமுறை தரையில் தட்டித் திரும்பினாலும் இன்றைய கணக்கர் தாராளமாக எழுதிவிடுவார். அன்றைக்கு அந்தத் தாராளம் இல்லை. ஆக ஒரே மனிதருக்கு, ஒரே பருவத்தில், ஓர் எண்ணைக் குறைத்தும் இன்னோர் எண்ணைக் குறைக்காமலும் படிக்க வேண்டியிருக்கிறது. ‘பழைய காலம், எல்லாவற்றிலும் கால்வாசி கழித்துக்கொள்’ என்று மொத்தமாகத் தள்ளுபடி செய்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

அதற்கும் முந்தியவர் பாஸ்டன் செல்டிக்ஸின் பாப் கௌசி. அவருடைய ஷாட் விகிதம் 37.5. இன்று கல்லூரி அணியில்கூட இடம் தரமாட்டோம். ஆனால் அவர் நுழைந்த 1950-51இல் லீக் முழுவதன் சராசரியே 36ஐத் தொடவில்லை. பின்னாளில் லீக் மேலேறியது, அவர் அதே அளவு ஏறவில்லை என்பதும் உண்மை. ஷாட்டில் அவர் சுமார்தான். அவருடைய வித்தை வேறு. 24 விநாடிக் கடிகாரம் 1954இல்தான் வந்தது. அதுவரை முந்திய அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றலாம். பறிக்க ஃபவுல் ஒன்றே வழி. 1953இல் சிரக்யூஸுடன் நடந்த பிளே-ஆஃப் ஆட்டம் நான்கு கூடுதல் நேரம் போனது. கௌசி 50 புள்ளி எடுத்தார். அதில் 30 ஃப்ரீ த்ரோ. அந்தக் காலத்தின் விதிக்கு அவரைவிடக் கச்சிதமான விடை கிடையாது. கடிகாரம் வந்து அந்த வித்தையை ஒழித்ததும், அணித்தோழர் பில் ரஸ்ஸல் பிடித்துத் தரும் பந்தை ஓட்டத்திலேயே பகிர்வது என்ற அடுத்த வித்தைக்கு மாறி ஆறு பட்டம் வென்றார். தொடர்ந்து எட்டுப் பருவம் அசிஸ்ட்டில் முதலிடம். அவரைத் தடுத்தவர்கள் பிளம்பர்களும் தீயணைப்பு வீரர்களும்தான் என்று 2022இல் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் தொலைக்காட்சியில் கேலி பேசினார். ஓய்வுப் பருவத்தில் வேறு வேலைக்குப் போக வேண்டிய சம்பளம் அன்றைக்கு என்பது மட்டும் மெய்.

மேஜிக் ஜான்சனைப் பற்றி ஒன்றே ஒன்று. 1980 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் லேக்கர்ஸின் சென்டர் கரீம் அப்துல்-ஜபார் காயத்தால் வரவில்லை. இருபது வயது கார்டு, சென்டராக நின்று ஆட்டத்தைத் தொடங்கி, 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஒரு கார்டு வரலாம் என்பதையே அவருக்கு முன்னால் அதிகம் பேர் யோசிக்கவில்லை.

ஸ்டெஃபன் கர்ரி 2015-16இல் போட்ட மூன்று புள்ளி ஷாட் 402. கோடு வந்த முதல் பருவத்தில் ஓர் அணி முழுப் பருவத்திலும் முயன்றதே சராசரியாக 230ஐ எட்டாது. 2004க்குப் பிறகு எதிராளியின் இடுப்பில் கை வைத்துத் தடுப்பதை நடுவர்கள் கறாராக நிறுத்தினார்கள். அது அவருக்கு லாபம். 2001இலிருந்து ஸோன் தடுப்பு அனுமதிக்கப்பட்டது, அது நஷ்டம். ஒன்றை மட்டும் சொல்லி அவரைக் குறைக்கக் கூடாது.

இவர்களில் மிகச் சிறந்தவர் யார் என்று என்னைக் கேட்டால் என் ஓட்டு ராபர்ட்சனுக்கு. மேஜிக் என்பவரோடு நான் வாதாட மாட்டேன். கர்ரி என்பவரோடு கொஞ்சம் வாதாடுவேன். காரணம் எண்கள் மட்டுமல்ல. ஆட்டக்காரர் சங்கத்தை 1954இல் கட்டியவர் கௌசி. 1965இல் அதன் தலைவரானவர் ராபர்ட்சன். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை அதே அணியோடு கட்டிப்போடும் விதியை எதிர்த்தும், ஏ.பி.ஏ.வோடு லீக் இணைந்து போட்டியை ஒழிப்பதை எதிர்த்தும் 1970இல் அவர் பெயரில் வழக்குப் போடப்பட்டது. ஆறு ஆண்டு இழுத்து 1976இல் உடன்பாடு வந்தது. அதன்பின் வீரர்கள் தாங்கள் விரும்பும் அணிக்குப் போகும் வழி படிப்படியாகத் திறந்தது. 2017இல் கர்ரி ஐந்தாண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட முடிந்ததில் அந்த வழக்குக்குப் பங்கு உண்டு. உடன்பாடு கையெழுத்தானபோது ராபர்ட்சன் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கைக்கு ஒரு லாபமும் இல்லை. இந்தப் பத்தியை எந்தப் புள்ளிவிவர அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மாணவ நண்பர்கள் கேள்வி நேரத்தில் சொல்லலாம்.