ஆரம்பப் பிரிவும் பெற்றோரும் நாமும்
(பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு என்றால் கட்டடம், நுழைவாயில் வளைவு, நினைவுக்கல் என்றுதான் பேச்சு வரும். நாம் பேச வந்திருப்பது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைப் பற்றி.

கல்முனைக் கரையோரத்துப் பெற்றோர் பாடசாலைக்கு உதவுவதில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு வருகிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வீடிழந்தோர் ஒதுங்கியதும் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும்தான். ஆனால் ஓர் உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, "உங்கட மகள் வாசிக்கிறாவா?" என்று கேட்ட கூட்டத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

கல்வி அமைச்சு 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், அபிவிருத்திக் குழுவில் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் இடம் தந்தது. பாடசாலையின் நிலையை அறிக்கையாக அச்சிட்டுப் பெற்றோரிடம் கொடுக்கும் வேறொரு முறையும் அக்காலத்தில் பரீட்சிக்கப்பட்டது. உலக வங்கியின் ஆய்வொன்று இரண்டையும் அளந்து பார்த்தது. குழு அமைத்த பாடசாலைகளில் 4ஆம் தரப் பிள்ளைகளின் கணிதப் புள்ளிகளும் ஆங்கிலப் புள்ளிகளும் உயர்ந்தன. அறிக்கையால் எந்தப் பாடத்திலும் பலனில்லை. தாளைக் கொடுத்தனுப்பினால் போதாது, திட்டம் போடும் மேசையில் பெற்றோருக்கும் ஒரு கதிரை வேண்டும் என்றே நாம் இதை விளங்கிக்கொள்கிறோம்.

அங்கும் தாய்மொழிப் புள்ளிகள் உயரவில்லை. எமது கவலையும் அதுதான். புலமைப்பரிசில் பரீட்சை வந்து ஆரம்பப் பிரிவையே விழுங்கிவிட்டது! 5ஆம் தரத்துக்கு ஊரெல்லாம் ரியூசன். 2ஆம் தரத்தில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

வாப்பா கடலுக்குப் போயிருப்பார், அல்லது தறியில் இருப்பார். சில வீடுகளில் உம்மா மத்திய கிழக்கில். கூட்டத்துக்கு வருவது உம்மம்மாதான். அவவுக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை வாசிப்பதைத் தினமும் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருக்க அவவால் முடியும். கதை சொல்லவோ நம்மைவிட நன்றாகத் தெரியும். இதை அவவிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கூட்டமும் வேலைநாள் காலையில் அல்லாமல் அஸருக்குப் பின் நடக்க வேண்டும்.

ஊரிலிருக்கும் சகோதரிகளிடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கேட்கிறோம்: 1ஆம், 2ஆம் தரப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்க. வெளிநாட்டிலிருப்போரிடம் சிறுவர் கதைப் புத்தகங்கள் கேட்கிறோம், பெயர்ப்பலகை இல்லாமல். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வீடு திரும்புமுன் உங்கள் பெயரையும், வரக்கூடிய நாளையும் அதில் எழுதிவிடுங்கள்.