பேயா? நோயா?



காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். ஒருவன் தனக்குத் தானே பேச ஆரம்பித்தால் மட்டும் பேய் என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் ஓடுகிறோம். வயிறு கெட்டால் நோய்; மூளை கெட்டால் பேயா?

இதன் பலனைப் பாருங்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். எந்தத் தெய்வம் வந்து பூட்டைத் திறந்தது? 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சங்கிலி கூடாதென்கிறது. நம் புத்தியிலுள்ள சங்கிலியை நாம்தானே கழற்ற வேண்டும்?

குடியின் சங்கதியும் இதுவே. வருஷக்கணக்காய்த் தினம் குடித்தவனைச் சாமி முன் சத்தியம் வாங்கித் திடீரென்று நிறுத்தச் செய்கிறோம். இரண்டொரு நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவம் கண்ணில் தெரியும், உயிரும் போகலாம். இதைச் "சாமி குற்றம்" என்கிறார்கள். சாமி குற்றமல்ல, தோழர்களே! சாராயத்துக்குப் பழகிய மூளை அது இல்லாமல் தவிக்கும் தவிப்பு. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து, தூக்க மருந்தும் தயமின் சத்தும் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான்.

ஆகவே அவனை வையவும் வேண்டாம், மந்திரிக்கவும் வேண்டாம். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். யோசனை கேட்க 14416 என்ற சர்க்கார் டெலிபோன் இருக்கிறது. கயிறு கட்டும் காசைப் பஸ் சார்ஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.