சிறைக்கு முன்னால் ஒரு சிகிச்சை

வீட்டுப் பிள்ளை கஞ்சா வழக்கில் பிடிபட்டால், பெற்றோர் முதலில் ஜாமீனுக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். கூடவே சிகிச்சைக்கும் வழி தேடலாம். அந்த வழி 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

அதில் 64ஏ என்று ஒரு பிரிவு. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ, சிறிய அளவு வைத்திருந்ததாகவோ குற்றம்சாட்டப்பட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாகவே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். கஞ்சா என்றால் 1 கிலோ, ஹெராயின் என்றால் 5 கிராம் வரை சிறிய அளவு. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் பறிபோகலாம். முதல் சில வாரங்கள் உடம்பும் மனசும் படாதபாடு படும். அப்போது வீட்டார் துணை நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள்?

குற்றம் நிரூபணமான பிறகும் 39ஆம் பிரிவு இருக்கிறது. இத்தகைய வழக்குகளில் நீதிபதி உடனே தண்டிக்காமல், போதைக்கு அடிமையானவரின் சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அதன் பலனை நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். வணிக அளவில் சரக்கு வைத்திருந்தவருக்கு இந்த வழி இல்லை, அது சரிதான்.

இவ்வளவு நல்ல பிரிவுகள் தெரியாமலே குடும்பங்கள் தவிப்பது வேதனை. உங்கள் வழக்கறிஞரிடம் இந்த இரண்டு பிரிவுகளையும் எண் சொல்லிக் கேளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.