வென்றவர் முதலில் கதவைத் தட்டட்டும்



1942 ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையிலும் வீசின. அந்த வாரம் சென்னை மக்களும் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள்.

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதானம் செய்ய நாடுகள் கூடின. இலங்கை இழப்பீடு கேட்டிருக்கலாம். அதன் பிரதிநிதி ஜே.ஆர். ஜெயவர்தன வேண்டாம் என்று அறிவித்தார். அந்த மாநாட்டுக்குப் போகாத இந்தியாவும் 1952 ஜூன் 9 அன்று தனி உடன்படிக்கை செய்து, இழப்பீட்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தது. இன்று ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகளுக்கு நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள்.

ஆனால் அதே ஜெயவர்தனவின் ஆட்சியில்தான் 1983இல் இலங்கைத் தமிழர் வீடுகள் எரிந்தன. கடல் கடந்த பகைவனை மன்னிப்பது எளிது. சொந்த மண்ணில் இருப்பவரோடு சமாதானமாவதுதான் கடினம்.

ஆலைகள் வந்தன, நிலத்தின் விலை ஏறியது. பாகப்பிரிவினை வழக்கால் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம் பங்கிலும் உண்டு. பெருங்கடன் மன்னிக்கப்பட்ட பணியாளன், சிறுகடனுக்காகத் தன் உடன் பணியாளனின் கழுத்தை நெரித்ததை இயேசு உவமையாகச் சொன்னார். அவன் கையில் நியாயம் இருந்தது, இரக்கம் இல்லை.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்ததா? தோற்ற தம்பி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நீங்களே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.