மங்கல வாழ்த்து

தாராபுரம் பக்கம் கொங்கு வேளாளர் கல்யாணத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும். குடிமகனார்னு சொல்ற நாவிதர் எழுந்து நின்னு மங்கல வாழ்த்துப் பாடுவார். இடையிடையே மேளம் ஒலிக்கும். கம்பர் பாடிக் கொடுத்ததுன்னு வழிவழியாச் சொல்றாங்க. ஒரு கல்யாணத்தோட சீர்முறைகள் வரிசையா அந்தப் பாட்டுக்குள்ளயே வரும்.

போன வைகாசியில ஒரு கல்யாணத்துல, எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருத்தர் பாட்டைக் கேட்டுக்கிட்டே முந்தானையில கண்ணைத் துடைச்சாங்க. "என்னங்க ஆத்தா?"ன்னேன்.

"எங்கண்ணன் கல்யாணத்துல தங்கச்சி செய்யுற இணைச்சீருக்கு நான் நின்னப்பவும் இதே பாட்டுத்தானுங்க சாமி. இப்ப அண்ணன் இல்லீங்க."

எனக்குப் பேச்சே வரலை. அதுக்குள்ள, போட்டோ எடுக்க நேரமாச்சுன்னு பாட்டைப் பாதியில நிறுத்திட்டாங்க. அந்த ஆத்தா மேடையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

உங்க வீட்டு முகூர்த்தத்துல அந்தப் பாட்டை முழுசாப் பாட விடுங்க.