முப்பது ரூபாய்க்கு ஐந்து நட்சத்திரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கடன் இணைப்பு பற்றியும் சேமிப்பு பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் செல்போனில் வரும் ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம்மில் பலருக்கு வாட்ஸ்அப்பில் இது வந்திருக்கும். வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம், இந்தச் செயலியை டவுன்லோடு செய்து 5 நட்சத்திரம் போட்டு, “ரொம்ப நல்லா இருக்கு” என்று ஒரு வரி எழுதினால் 30 ரூபாய் என்று. ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “இதுல என்னம்மா தப்பு? யார் வீட்டுலயாவது திருடுறோமா?”

நியாயமான கேள்விதான். கொலுசுப் பட்டறையில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்தால் என்ன கூலி கிடைக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பதிலையும் ஒழுங்காகச் சொல்லணும்.

அந்த நட்சத்திரத்தை யார் பார்க்கிறார்கள்? பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட நாளைக்குள் பணம் வேண்டும் என்று தவிக்கிற ஒரு பெண். கடன் செயலி ஒன்றைத் திறக்கிறாள். “உடனே பணம் வந்தது” என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். நம்பி, போனில் இருக்கிற நம்பர்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கொடுத்துவிடுகிறாள். சொன்ன தொகை ஒன்று, பிடித்தம் போகக் கைக்கு வருவது ஒன்று. 7 நாளில் கட்டாவிட்டால் சொந்தக்காரர் எல்லோருக்கும் அசிங்கமான மெசேஜ் போகிறது. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 நவம்பரில் கொடுத்த அறிக்கையைக் கேளுங்கள்: அவர்கள் பார்த்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துத்தான் நட்சத்திரம் வந்தது என்று நான் சொல்லவில்லை. எது காசு கொடுத்தது, எது நிஜம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போனதே, அதுதான் கேடு.

நம் குழுவில் ஒருத்தி கடன் கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். அவள் தவறினால் நாம் பதில் சொல்லணும். 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்த காலத்திலிருந்து, சொத்து அடமானம் இல்லாத பெண்களுக்கு வங்கிக் கதவு திறந்தது இந்தக் கையெழுத்தால்தான். 5 நட்சத்திரமும் ஒரு கையெழுத்துதானே? என்ன, அதை நம்பிக் கடன் வாங்கினவள் யார் என்று நமக்குத் தெரியாது. அவள் அழுதாலும் நம் காதில் விழாது.

நம்ம பேட்டையில் வெள்ளி விற்கிறவர் சொல்வதை மட்டும் வைத்து யாரும் வாங்குவதில்லை. டச் எவ்வளவு என்று பார்க்கிறோம். டச் பார்க்கிறவர் காசு வாங்கிக்கொண்டு கூட்டிச் சொன்னால் அந்தக் கடையை விடுவோமா?

அரசாங்கமும் சும்மா இல்லை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்று ஆன்லைன் கருத்துகளுக்கு ஒரு தரநிலை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கின கருத்தைப் போடக்கூடாது என்கிறது. ஆனால் நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்டால் சரி என்றுதான் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலிக் கருத்தை விற்பதற்கும் வாங்குவதற்கும் தடையே இருக்கிறது.

இன்னொன்று, அந்த 30 ரூபாயே பல நேரம் தூண்டில் புழு. முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வரும். அப்புறம் டெலிகிராம் குரூப்பில் சேர்ப்பார்கள். “1,000 கட்டினால் 1,300” என்பார்கள், அதுவும் வரும். பிறகு 10,000, 50,000. அதோடு சரி. இப்படிப் பகுதிநேர வேலை என்று ஏமாற்றிய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே 1930-க்குப் போன் போடுங்கள். வீட்டுக்காரருக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.

கடைசியாக நம்ம விஷயம். நம் கூட்டமைப்பின் பொடி வகைகளை ஆன்லைனில் போட்டபோது, 200 கருத்து எழுதித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்று ஒரு தம்பி வந்தார். செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். “மத்தவங்க எல்லாம் பண்றாங்க, நம்ம சரக்கு அடியில கிடக்குது” என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. விற்பனை மந்தமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொன்னேன், தீர்மானமும் அப்படியே ஆனது. அதற்குப் பதில் ஒவ்வொரு பார்சலிலும், “சாப்பிட்டுப் பார்த்து உள்ளதை எழுதுங்க” என்று ஒரு சீட்டு வைக்கிறோம்.

இதுவரை வந்தது 11 கருத்துதான். அதில் ஒருவர் பருப்புப் பொடிக்கு 3 நட்சத்திரம் போட்டு, உப்பு தூக்கல் என்று எழுதியிருந்தார். அரைக்கிற குழுவிடம் சொன்னோம், குறைத்திருக்கிறார்கள். வெளியே ஸ்டாலில் வைத்திருக்கிறது. போகும்போது ருசி பார்த்துட்டுப் போங்க.