போக்கியத்துக்கு வீடா? பத்திரத்தைப் பாருங்க!

நம்ம ஊரில் நிலத்தை ஒத்திக்கு வைப்பதுபோல, மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீட்டைப் போக்கியத்துக்கு விடுகிறார்கள். மொத்தமாகப் பணம் கொடுத்தால் வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் பணம் திரும்ப வரவேண்டும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக நாமும் நகையை அடகு வைத்து, குழுவில் கடன் வாங்கிக் கொடுக்கிறோம்.

முதலில் கணக்குப் போடுவோம்: மாத வட்டி, மிச்சமாகும் வாடகையைவிடக் குறைவா?

அடுத்தது, அந்த வீடு ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், வங்கிக்குத்தான் முன்னுரிமை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்க. மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்க, ஜெராக்ஸ் போதாது. 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள போக்கிய அடமானத்தை இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் செலவுக்குத் தயங்கினால் முதலுக்கே மோசம்.

பத்து ரூபாய் சேமிப்புக்கும் நோட்டில் கையெழுத்துப் போடுகிற நாம், லட்சத்தை வாய்ச்சொல்லை நம்பிக் கொடுக்கலாமா?